கோத்தகிரியில் குடியேறுகிறோம்: காட்டன் துணியே போதுமா, சிந்தெடிக் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: கோவையில் இருந்தவரை, பிளாஸ்டிக் வேண்டாம் என்று, வீட்டில் எல்லாருக்கும் காட்டன் மட்டும்தான். வேலை மாற்றலில் கோத்தகிரி வருகிறீர்கள். மேலே இருக்கும் சொந்தக்காரர்கள் "காட்டனை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாங்க" என்கிறார்கள். பிள்ளைகளும் இருக்கிறார்கள், என்ன வாங்குவது?

நான் குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் தையற்கடை வைத்திருக்கிறேன். புதுத்துணி தைப்பதைவிட ஆல்ட்டர் வேலைதான் இப்போது அதிகம். கடையில் மடிப்புக் கலையாமல் இருக்கும்போது துணியைப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். உடுத்தித் துவைத்து, சுருங்கி, நைந்த பிறகு பார்க்கிற ஆள் நான்.

உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வது பாதி சரி. கோவைக்கும் கோத்தகிரிக்கும் சுமார் 9, 10 டிகிரி வித்தியாசம் வரும். அந்தக் குளிருக்கு மேலே ஒன்று சேர்த்துப் போட்டால் தீர்ந்தது. தீராத தொல்லை ஈரம்தான். மழை பெய்யாவிட்டாலும் மஞ்சு (மூடுபனி) இறங்கிவிடும். காலையில் கொடியில் போட்ட துணியைச் சாயங்காலம் எடுத்தால் போட்டபோது இருந்ததைவிடக் கனமாக இருக்கிற நாளும் உண்டு. மலையில் துணி வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது "இது எத்தனை நாளில் காயும்?" என்பதைத்தான். இயற்கையா செயற்கையா என்பது அதற்கு அப்புறம்.

இதற்குக் கணக்கும் இருக்கிறது. சாதாரணக் காற்றிலேயே பருத்தி தன் எடையில் 8 சதவீதம் போல ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டு 11, விஸ்கோஸ் (மரக்கூழில் செய்கிற ரேயான்) 13, கம்பளி 16. பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. கோவையில் பருத்தியின் இந்தக் குணம்தான் உங்களைக் காப்பாற்றியது: வியர்வையை இழுத்து, காற்றில் விட்டு, உடம்பைக் குளிர வைத்தது. இங்கே அதே குணம் எதிராக வேலை செய்யும். கோத்தகிரி கடைத்தெருவில் மேட்டில் விறுவிறுவென்று ஏறி, உள்ளே வியர்த்து, அப்புறம் பஸ் ஸ்டாப்பில் காற்றில் நில்லுங்கள். முதுகில் ஒட்டிய ஈரக் காட்டன் பனியன் என்ன செய்யும் என்று அங்கே தெரியும்.

குன்னூர், கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான், வடகிழக்குப் பருவத்தில். மேற்கே கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டுகிற மழை நமக்கு அந்த அளவுக்கு வராது. அந்த மாதங்களில் நமக்குச் சாரலும் மஞ்சும்தான். இந்த இரண்டு காலத்திலும் கனமான ஜீன்ஸ் மூன்று நாள் கொடியில் கிடக்கும். பாதி காய்ந்த காட்டனை மடித்து அலமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும். அந்தப் புள்ளி போகாது. வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து "இதை எப்படியாவது மறைத்துத் தையுங்க" என்று கேட்காத மழைக்காலமே கிடையாது.

அதற்காகக் காட்டனை மூட்டை கட்ட வேண்டியதில்லை. இரவு உடுப்பு, உள்ளாடை, வீட்டுக்குள் போடுவது எல்லாம் காட்டனாகவே இருக்கட்டும், ஆனால் மெல்லியதாக. தடித்த காட்டன் ஒன்றைவிட மெல்லியது இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது நல்லது. சூடும் நிற்கும், சீக்கிரம் காயவும் செய்யும். மீட்டர் துணியாக எடுத்துத் தைத்தால் ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே தையற்காரரிடம் கொடுங்கள். நனைக்காமல் தைத்த காட்டன் பேன்ட் 3 முதல் 5 சதவீதம் சுருங்கினாலே கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். வெளியே நடந்து திரிகிறவர்களுக்கும், ஏறி இறங்கி வேலை செய்கிறவர்களுக்கும் உடம்பை ஒட்டிப் போட மெல்லிய பாலியஸ்டர் டீ-ஷர்ட்டைத்தான் சொல்வேன். அதில் ஒரு குறை உண்டு: வியர்வையின் எண்ணெய் அந்த இழையை விடாமல் பற்றிக்கொள்ளும், ஒரே நாளில் நாறும். தினம் அலசிப் போட வேண்டும். அலசினால் மறுநாள் காய்ந்திருக்கும் என்பதால் அது பெரிய விஷயமில்லை.

அடுத்தது ஸ்வெட்டர். ஊட்டி பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியர் கடைகளிலும், மற்றபடி சுற்றுலாக்காரர்கள் வாங்குகிற கடைகளிலும் தொங்குவதில் பெரும்பகுதி அக்ரிலிக், கம்பளி போலத் தெரிகிற செயற்கை இழை. பஞ்சாபின் லூதியானா சரக்கு. நீலகிரியில் வாங்கியதால் நீலகிரி ஆட்டு ரோமம் என்று நினைத்துவிடாதீர்கள். நீலகிரிச் செம்மறி என்று தனி இனமே உண்டு. தென்னிந்தியாவில் மெல்லிய ரோமம் தருகிற ஒரே இனம் அதுதான். ஊட்டி அருகே சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்க்கிறார்கள். கொடைக்கானல் மேலே மன்னவனூரிலும் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே பாரத் மெரினோ. ஆனால் கடைத்தெரு ஸ்வெட்டருக்கும் அந்த ஆடுகளுக்கும் சம்பந்தமில்லை.

அக்ரிலிக் கெட்டது என்று சொல்ல மாட்டேன். விலை குறைவு, மெஷினில் போடலாம், சாயம் நிற்கும், பூச்சி அரிக்காது. முழங்கையில் உருண்டை உருண்டையாகத் திரண்டு ஒரே வருஷத்தில் பழசாகத் தெரியும். காற்றையும் தடுக்காது, அதற்கு மேலே ஒரு ஜெர்க்கின் வேண்டும். ஜனவரியில் காற்று காய்ந்திருக்கும்போது கழற்றினால் பொரியும், தலைமுடி எழுந்து நிற்கும். அவ்வளவுதான்.

உண்மையான கம்பளி வேறு ஜாதி. தன் எடையில் 30 சதவீதம் போல ஈரம் இழுத்தாலும் தொட்டால் நனைந்தது போலவே இருக்காது. ஈரத்தை இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். மஞ்சுக்குள் நடக்கிறவருக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை. வியர்வை நாற்றமும் சீக்கிரம் ஏறாது. அதனால் என் யோசனை: வீட்டில் வெளியே அதிகம் போகிற பெரியவர் ஒருவருக்காவது ஒரு நல்ல கம்பளி ஸ்வெட்டர் வாங்குங்கள், மிச்சப் பேருக்கு அக்ரிலிக் போதும். வளரும் பிள்ளைக்குக் கம்பளி வாங்குவது காசைக் கரைக்கிற வேலை. வாங்கிய கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டு அலசாதீர்கள். அந்த ரோமத்தின் மேலே செதில் இருக்கிறது. சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் செதிலோடு செதில் கோத்துக்கொண்டு அப்பா ஸ்வெட்டர் பையன் அளவுக்கு வந்து நிற்கும். அதை எந்த ஆல்ட்டரும் திருப்பாது. பச்சைத் தண்ணீர், லேசான லிக்விட், பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்துத் தட்டையாகப் பரப்பிக் காயவையுங்கள். கொடியில் தொங்கவிட்டால் தோள் இறங்கிவிடும். எடுத்து வைக்கும்போது வேப்பிலையோ வசம்போ போடுங்கள்.

கையால் பின்னத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் நூல் கம்பளிதானா என்று பார்த்து வாங்கிப் பின்னிக்கொள்வது இன்னும் நல்லது. பின்னுகிற ஊசி ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில் இருக்கிற நம் கேத்தியில் செய்வதுதான்; போனி என்று பெயர் போட்டு நாடெங்கும் போகிறது.

கடைக்காரர் கம்பளி என்று சொல்வதை எப்படி நம்புவது? துணியின் உள்பக்கத் தையல் மடிப்பில் துணியின் இழை ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேலே தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளி தலைமுடி கருகும் வாடை அடிக்கும், நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும், சாம்பல் விரலில் பொடியாகும். பட்டும் ஏறக்குறைய அப்படித்தான். பருத்தி காகிதம் எரிகிற வாடை, சாம்பல் மெத்தென்று இருக்கும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டு சுருங்கி உருகி, கெட்டியான மணியாக உறையும். அக்ரிலிக் கரும்புகையோடு வேகமாக எரிந்து கறுத்த கட்டியாகும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தைத்த நூலை உருவிவிடாதீர்கள். முழுக் காட்டன் சட்டைக்கும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். அதை எரித்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

இந்த நெருப்புச் சோதனை பருத்தியையும் விஸ்கோஸையும் பிரித்துக் காட்டாது, இரண்டும் ஒரே மாதிரி எரியும். அதற்கு இழையின் நடுவில் எச்சில் தொட்டு இழுங்கள். நனைந்த இடத்தில் சட்டென்று அறுந்தால் விஸ்கோஸ். ஈரத்தில் அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். பருத்தி ஈரத்தில் இன்னும் உறுதியாகும்.

ரேயான் குர்த்தி, மூங்கில் துணி, "மரத்திலிருந்து எடுத்த இயற்கைத் துணி" என்று வருவதில் பெரும்பாலானவை இந்த விஸ்கோஸ்தான். கீழே மேட்டுப்பாளையம் பக்கம் சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் நம் மலையின் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) லாரி லாரியாக அங்கேதான் கூழாகப் போயின. மரம் என்னவோ நம் மரம்தான். ஆனால் அதை இழையாக்க காஸ்டிக் சோடா, கார்பன் டைசல்ஃபைடு, கந்தக அமிலம் எல்லாம் வேண்டும். கழிவு பவானியில் கலக்கிறது என்று பெரிய பிரச்சினையாகி, பிற்பாடு ஆலையே மூடப்பட்டது. இதைத் தெரிந்துகொண்டால் லேபிளில் 'இயற்கை' என்று இருப்பதைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்பீர்கள். அதைவிட முக்கியம், மலைக்கு விஸ்கோஸ் சரிப்படாது: பருத்தியைவிட அதிகம் ஈரம் குடிக்கும், மெதுவாகக் காயும், நனைந்தால் பலமில்லை. கோவையில் மே மாதத்துக்கு அருமையான துணி. இங்கே கொண்டுவர வேண்டாம்.

பிளாஸ்டிக் எதிர்ப்பில் நீங்கள் காட்டன் பக்கம் நிற்பது எனக்குப் புரிகிறது. பாலியஸ்டர், அக்ரிலிக் துணிகளைத் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைத் தூசி சாக்கடையில் போகிறது, ஃபிலீஸ் (பஞ்சுபோல் மெத்தென்ற பாலியஸ்டர் துணி) ஜாக்கெட்டில் அது அதிகம். இது உண்மை. தண்ணீர் பாட்டிலும் பாலியஸ்டரும் ஒரே பிளாஸ்டிக்தான். சோதனைச்சாவடியில் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிற மாவட்டத்துக்குள் அதே பாட்டில் பிளாஸ்டிக்கை ஜாக்கெட்டாகப் போட்டுக்கொண்டு வரலாம், யாரும் கேட்க மாட்டார்கள்! என்ன செய்யலாம் என்றால், குறைவாக வாங்கி, மேலே போடுவதைக் குறைவாகத் துவையுங்கள். ஜெர்க்கினை வாராவாரம் மெஷினில் போட வேண்டிய அவசியமே இல்லை, உள்ளே போடுவதைத் துவைத்தால் போதும்.

நெருப்பு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. இங்கே பனிக்காலத்தில் கணப்புச் சட்டி வைத்துக் குளிர்காய்வார்கள், அதன் மேலேயே துணியையும் காயவைப்பார்கள். அக்ரிலிக் சால்வை, பாலியஸ்டர் நைட்டி, ஃபிலீஸ் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. பொறி பட்டால் ஓட்டை விழுவது சின்ன நஷ்டம். உருகியது தோலில் ஒட்டிக்கொள்வதுதான் ஆபத்து. தொளதொளவென்ற காட்டனும் வேகமாகப் பற்றும், ஆனால் ஒட்டாது. நெருப்புப் பக்கம் உட்காரும் பாட்டி தாத்தாவுக்குக் கம்பளிச் சால்வையே வாங்கிக் கொடுங்கள், அது எளிதில் பற்றாது.

சூட்டைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. இங்கே வந்ததும் தோடர் பூவேலைச் சால்வை வாங்க ஆசை வரும், வாங்குங்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது. துணி பருத்தி; சிவப்பும் கறுப்புமான நூல் கம்பளியாகவும் இருக்கும், இப்போது அக்ரிலிக்காகவும் இருக்கும். துணி பருத்திதானே என்று இஸ்திரிப் பெட்டியை முழுச்சூட்டில் ஓட்டினால் நூல் தட்டையாகிவிடும்.

பிள்ளைகளின் யூனிஃபார்ம் பெரும்பாலும் டெரிகாட்டன் சட்டை, அக்ரிலிக் ஸ்வெட்டர்தான். அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பாலியஸ்டர் கலந்திருப்பதால்தான் இரவில் துவைத்தது காலையில் போட முடிகிறது. உள்ளே ஒரு காட்டன் பனியன் போதும். சட்டையைவிட சாக்ஸ் கூடுதலாக வாங்குங்கள், காட்டனில் வேண்டாம். ஈரச் சாக்ஸோடு பள்ளியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் கால் விறைத்துப்போகும்.

மொத்தமாகக் கோவையிலேயே வாங்கிக்கொண்டு வராதீர்கள். இருக்கிற துணிகளோடு வந்து, உங்கள் வீட்டுக் கொடிக்கு எந்தப் பக்கம் வெயில், எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். கிழக்கு பார்த்த சரிவில் வீடு அமைந்தால் காட்டன் நிறையவே தாங்கும். பள்ளத்தில், மரத்தடியில் அமைந்தால் பாதிக்குப் பாதி சிந்தெடிக் இல்லாமல் சமாளிக்க முடியாது. அக்டோபருக்கு முன்னால் வந்தால் மழைக்கோட்டு மட்டும் முதலில் வாங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு முதுகுப் பையையும் சேர்த்து மூடுகிற அளவில் எடுங்கள், பெரியவர்களுக்கு அக்குளில் காற்றோட்டத் துளை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். இல்லாவிட்டால் வெளி மழைக்குத் தப்பி உள் வியர்வையில் நனைந்துதான் வீடு சேருவீர்கள்.