தேர்வன்று 'வேண்டாம்' என்று சொல்லலாமா?

கேள்வி: அடுத்த வாரம் தனியார் விமானி உரிமத்துக்கான செக் ரைடு, அதாவது பறந்து காட்டும் தேர்வு. வரப்போகும் தேர்வாளர் நடுவழியில் த்ராட்டிலை (இஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) இழுத்துவிட்டு, "இஞ்சின் போச்சு, இறக்கிக் காட்டு" என்பாராம். எவ்வளவு தாழப் போக வேண்டும்? காற்று பலமாக இருக்கிறது, பறக்க மாட்டேன் என்றால் ஃபெயில் ஆக்கிவிடுவாரா?

பதில்: வரப்பை உரசிக் காட்டினால்தான் பாஸ் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தேர்வாளர் பார்ப்பது வேறு. கிளைடு வேகத்தை, அதாவது இஞ்சின் இல்லாமல் அதிக தூரம் மிதந்து போகும் வேகத்தை, சட்டென்று பிடித்தீர்களா, காற்றைப் பார்த்து இடம் தேர்ந்தீர்களா, செக்லிஸ்ட் ஓடியதா? அந்த இடத்துக்கு விமானம் எட்டுமா எட்டாதா என்பது 500 அடியிலேயே இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். அதற்குக் கீழே நிரூபிக்க ஒன்றுமில்லை. மரமும் மின்கம்பியும்தான் இருக்கின்றன. ஆகவே கிளம்புமுன் தரையிலேயே கேட்டுவிடுங்கள்: எந்த உயரத்தில் கோ-அரவுண்ட் (இறங்குவதை விட்டு மறுபடி மேலே ஏறுவது), பவர் கொடுப்பது யார்? இதைக் கேட்டதற்கே நல்ல தேர்வாளர் மனதுக்குள் ஒரு மார்க் போடுவார்.

அப்புறம், வெகுநேரம் ஐடிலில், அதாவது இஞ்சினைக் குறைந்த சுழற்சியில் விட்டு, இறங்கினால் இஞ்சின் குளிர்ந்துபோகும். கார்புரேட்டர் (எரிபொருளைக் காற்றோடு கலக்கும் பாகம்) இருந்தால் உள்ளே பனியும் பிடிக்கலாம். பிறகு த்ராட்டிலைத் தள்ளும்போது இருமும், சில சமயம் நின்றேவிடும். பாவனையாகத் தொடங்கியது நிஜமாகிவிடும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை இழுத்து வையுங்கள், நடுநடுவே கொஞ்சம் பவர் கொடுத்துப் பாருங்கள். தாழ்வான உயரத்தில் மிக்ஸ்சரையோ (எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் பிடி) எரிபொருள் வால்வையோ நிஜமாகவே மூடச் சொன்னால், பணிவாக, ஆனால் கறாராக மறுத்துவிடுங்கள். அமெரிக்க விதிப்படி, முன்கூட்டி வேறு ஏற்பாடு செய்துகொள்ளாத வரை, செக் ரைடில் பொறுப்பு விமானி, அதாவது இறுதி முடிவு எடுப்பவர், தேர்வாளர் அல்ல, நீங்கள்தான்.

காற்று விஷயத்துக்கு வருவோம். செஸ்னா 172எஸ் என்ற சிறு விமானத்தின் கையேட்டில் பக்கக் காற்றுக்கு 15 நாட் (மணிக்குக் கடல் மைல்) என்று இருக்கும். அது சோதனை விமானி இறக்கிக் காட்டிய அளவு, உங்கள் கைக்குத் தந்த உத்தரவாதம் இல்லை. 8 நாட் காற்றுக்கு மேல் பழகாதவர் தேர்வன்று 14 நாட்டில் பழக வேண்டாம். கிளம்பாமல் இருப்பது தோல்வி ஆகாது. பாதியில் வானிலை கெட்டுத் திரும்பினால், அமெரிக்காவில் அதற்கென்றே ஒரு கடிதம் தருவார்கள். முடித்த பகுதிகளுக்கான தேர்ச்சி 60 நாள் செல்லும். உங்கள் நாட்டில் எப்படி என்று பயிற்றுநரிடம் கேளுங்கள், மறுதேதிக்குக் கட்டணம் உண்டா என்பதையும் சேர்த்து.