கடைசி அலசல் எந்தத் தண்ணீரில்?

கேள்வி: எங்கள் வீடு கீழக்கரையில். நான் துபாயில் வேலை பார்க்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் வாங்கிய டீசல் எஸ்யூவி 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. தம்பி வாராவாரம் கழுவுகிறான், தினமும் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறான். அப்படியும் அடிப்பக்கம் துரு. என்ன தப்பு செய்கிறோம் சார்?

பதில்: தம்பி எந்தத் தண்ணீரில் கழுவுகிறார்? வீட்டு போர் தண்ணீர் என்றால் பாதி பதில் அங்கேயே இருக்கிறது. நம் கரையோரத்தில் போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். கழுவிக் காயவிட்டால் தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கடல்காற்று கொண்டுவருவது போதாதென்று நாமும் வாளி வாளியாக ஊற்றுகிறோம். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) துருவை ஆராய மண்டபம் ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறது என்றால் நம் காற்றைப் பற்றி வேறு என்ன சொல்ல?

அதற்காகக் குடிநீரைக் கொட்டிக் கழுவச் சொல்ல எனக்கு மனம் வராது. மண்ணும் அழுக்கும் போர் தண்ணீரிலேயே போகட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு வாளி மழைநீரோ, வீட்டு ஏசியிலிருந்து வடியும் நீரோ போதும். கை ஸ்பிரேயர் இருந்தால் ஒரு வாளியே தாராளம். பானட்டைப் பளபளப்பாக்குவதை விட சக்கரங்களுக்கு மேலுள்ள உள்வளைவு, சேஸிஸ் இரண்டையும்தான் நன்றாக அலச வேண்டும். கதவுகளின் அடியில் சின்ன வடிகால் துளைகள் இருக்கும். மணல் அடைத்திருந்தால் ஈர்க்குச்சியால் குத்திவிடலாம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்தே அடிக்கலாம். தனுஷ்கோடி போய் வந்தால் மறுநாள் வரை விடாமல் அன்றே அலசிவிடுங்கள்.

பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் இங்கே உண்டு. வேண்டாம். ரப்பர் புஷ் ஊறிக் கெடும். பிரேக்கில் பட்டால் வண்டி நிற்காது. துருவைச் சுரண்டி எடுத்துவிட்டு மெழுகு வகை கோட்டிங் அடிக்கச் சொல்லுங்கள். துருவின் மேலேயே அடித்தால் அது உள்ளுக்குள் தின்றுகொண்டிருக்கும். வண்டியை மூடும் பிளாஸ்டிக் கவரும் ஈரத்தைப் பூட்டிவைக்கும்.

அப்புறம், அந்தப் பத்து நிமிட ஸ்டார்ட்டை நிறுத்துங்கள். உங்களுடையது பிஎஸ் 6 புகைக்கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி. டீசல் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி புகைப்பாதையில் இருக்கும். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் அதில் கரியைச் சேர்க்குமே தவிர எரிக்காது. அதற்குப் பதில் தம்பி வாரம் ஒருமுறை ராமநாதபுரம் வரை சீரான வேகத்தில் போய்வரட்டும். கரி எரியும், பேட்டரி ஏறும், பிரேக் டிஸ்க்கில் படிந்த துருவும் தேய்ந்து போகும். பல நாள் நிறுத்துவதென்றால் ஹேண்ட் பிரேக் போட வேண்டாம், ஒட்டிக்கொள்ளும். சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்கு இருபுறமும் கட்டை வையுங்கள்.

கிலோமீட்டர் ஆகவில்லை என்று சர்வீஸைத் தள்ளிப்போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிலோமீட்டரோ மாதமோ, எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. இன்ஜின் ஆயிலை வருடம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். பொதுவாக இரண்டு வருடம்தான். கூலன்ட் குறைந்தால் தண்ணீர் கலந்தே விற்கும் கூலன்டை, இன்ஜின் ஆறிய பிறகு ஊற்றட்டும். போர் தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடாது.

ஒன்று விட்டுப்போச்சு, ஸ்டெப்னி. தேவிபட்டினம் சாலையில் ஒருமுறை கருவேல முள் ஏறி என் டயர் இறங்கிவிட்டது. ஸ்டெப்னி அடியில்தான் தொங்கியது, ஆனால் இறக்கவிடும் செயின் துருவேறி இறுகியிருந்தது. டயர் கைக்கெட்டும் தூரத்தில், நான் ரோட்டோரத்தில் இரண்டு மணி நேரம். உங்கள் வண்டியிலும் அடியில் தொங்குகிறது என்றால் இந்த வாரமே தம்பியை இறக்கிப் பார்த்து, செயினுக்கு கிரீஸ் வைத்து, காற்றும் சரிபார்த்து மாட்டச் சொல்லுங்கள்.