ஜான் லார்டின் ஆர்கன்

அன்புள்ள ஐயா,

டீப் பர்ப்பிள் ராக் இசைக்குழு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நானும் என் நண்பனும் ஒரு பிரியாணிக்குப் பந்தயம் கட்டியிருக்கிறோம். அந்தக் குழுவில் ஆர்கன் வாசித்த ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன், ஃப்ளீட்வுட் மேக் குழுவின் கிறிஸ்டீன் மெக்வீயிடமிருந்து வாங்கியது, ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டு அதில்தான் பதிவானது என்கிறான் அவன். இரண்டுமே கட்டுக்கதை என்கிறேன் நான். அப்புறம், ஒரு ஆர்கன் எப்படிக் கிதார் மாதிரி உறுமுகிறது?

முரளி, திருச்சி

அன்புள்ள முரளி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், சுவாரசியம் அங்கேதான்.

ஹேமண்ட் ஆர்கன் 1935ல் சந்தைக்கு வந்தது. குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள்தான் முக்கிய வாடிக்கையாளர்கள். லார்ட் வாசித்த சி3 மாடலுக்கும் ஜாஸ்காரர்கள் கொண்டாடும் பி3க்கும் உள்ளே வித்தியாசம் கிடையாது. சி3க்கு நாலு பக்கமும் மரப்பலகை அடைத்திருக்கும். வாசிப்பவரின் கால் சபைக்குத் தெரியக் கூடாதாம்!

உள்ளே ஒரு மோட்டார், அது சுழற்றும் 91 இரும்புச் சக்கரங்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு, ஓரத்தில் பல் வெட்டியிருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கம்பிச்சுருள் சுற்றிய ஒரு காந்தம். பல் காந்தத்தைக் கடக்கும்போதெல்லாம் சுருளில் மின்சாரம் துடிக்கும்; அதுதான் சுரம். எலக்ட்ரிக் கிதாரிலும் கம்பிக்குக் கீழே இருப்பது காந்தமும் சுருளும்தான். ஆக, ஹேமண்ட் பிறப்பிலேயே கிதாருக்குப் பங்காளி. குழுவின் கிதார்காரர் ரிச்சி பிளாக்மோரின் சத்தத்தில் ஆர்கன் அமுங்கிப்போகாமல் இருக்க, லார்ட் தன் ஆர்கனையும் கிதார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் செருகினார். ஆம்ப்ளிஃபயர் தாங்க முடியாமல் கரகரத்தது. அவருக்கு வேண்டியது அந்தக் கரகரப்புதான்.

இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டையை அழுத்தினால் அடியில் ஒன்பது தொடுமுனைகள் ஒட்ட வேண்டும். ஒரே நொடியில் எல்லாம் ஒட்டாது, அதனால் ‘டிக்’ என்று ஒரு சத்தம். இந்த ஆர்கனை உருவாக்கிய லாரன்ஸ் ஹேமண்ட் அதைக் கோளாறு என்று நினைத்து ஒழிக்கப் பார்த்தார். மார்ஷல் அதையும் சேர்த்துப் பெரிதாக்கியது. ‘லேஸி’ பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். கிதார் இன்னும் வரவில்லை, ஆர்கன் மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன தேவாலயத்தில் சி3 ஒன்றைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒரே சுவிட்சைத் தட்டினால் பாடிவிடாது. ‘ஸ்டார்ட்’ என்ற சுவிட்சை எட்டு நொடி பிடித்திருக்க வேண்டும். உள்ளே சக்கரங்கள் மெல்ல வேகமெடுப்பது காதில் விழும். அப்புறம் ‘ரன்’ சுவிட்சையும் போட்டு, சில நொடி கழித்து முதல் சுவிட்சை விட வேண்டும். வாசிப்பவர் பின்பலகையைத் திறந்து இரண்டு குட்டிப் புனல்களைக் காட்டினார். வருடத்துக்கு ஒரு முறை அதில் எண்ணெய் விட வேண்டுமாம். தையல் மெஷின் வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான், அந்த எண்ணெய் வாசனையிலேயே மயங்கிவிட்டேன்.

மோட்டார் ஓடும் வேகம், மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதைப் பொறுத்தது; அந்தக் கணக்குதான் ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆர்கனை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் சி சுரத்தின் கட்டையை அழுத்த, அதற்குக் கீழே உள்ள ஏ சுரம் கேட்கும். 1972 ஆகஸ்டில் ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்துக்காக ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தார்கள். ஒசாகாவில் 60 ஹெர்ட்ஸ், டோக்கியோவில் 50! ஒரே வாரத்தில் இரண்டு மின்சாரம். பெடல், பெஞ்சோடு 180 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெட்டியைத் தூக்குகிறவர்களுக்கு இந்தத் தலைவலி வேறு.

இனி பந்தயத்துக்கு வருவோம். லார்டின் பழைய சி3 உழைத்து ஓய்ந்த பிறகு, 1973 வாக்கில் கிறிஸ்டீன் மெக்வீயிடமிருந்து இன்னொன்றை வாங்கினார். அது கதையல்ல, நடந்தது. அதே காலத்தில்தான் தன் உதவியாளரோடு சேர்ந்து ஆர்எம்ஐ எலக்ட்ரிக் பியானோவையும் ஹேமண்டோடு இணைத்தார். இரண்டு வாத்தியம், ஒரே உடம்பு. 2002ல் குழுவை விட்டு விலகும்வரை அதை விடவில்லை. விலகியபோது தனக்குப் பின் வந்த டான் ஏரியிடம் கொடுத்துவிட்டுப் போனார். சில வருடங்களில் அதுவும் தேய்ந்து மேடையிலிருந்து இறங்கிவிட்டது.

ஆனால் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பதிவானது 1971 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் மோன்த்ரூவில். அப்போது மெக்வீயின் ஆர்கன் லார்டிடம் வரவே இல்லை. அந்தப் பாட்டிலும் ‘மேட் இன் ஜப்பா’னிலும் உறுமுவது ஓய்ந்துபோன அந்தப் பழைய சி3. புகழெல்லாம் பின்னால் வந்தவன் கணக்கில் ஏறிவிட்டது. இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். புதியவன் குரலைத் தனியாகக் கேட்க வேண்டுமென்றால் 1984ல் வந்த ‘பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்’ பாட்டின் முகப்பு போதும்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி, நீங்கள் சொன்னதில் மீதிப் பாதி. பிரியாணிக் காசை ஆளுக்குப் பாதி போட்டுவிடுங்கள்.