மருத்துவர் வருகிறார்

அன்புள்ள ஐயா,

நானும் தோழிகளும் பார்க்கிற படங்களையெல்லாம் பெக்டெல் சோதனையில் வைத்துப் பார்க்கிறோம். இரண்டு பெண்களாவது இருக்கிறார்களா, தங்களுக்குள் பேசுகிறார்களா, ஆணைப் பற்றி அல்லாமல் வேறெதையாவது பேசுகிறார்களா என்று. பல படங்கள் தேறுவதில்லை. கலையை இப்படித் தலை எண்ணி மதிப்பிடலாமா? கதைக்குத் தேவைப்பட்டால்தானே பெண் வரமுடியும்? பெண் இயக்குநர்கள் பெருகினால் தானாக மாறிவிடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டு நாளாக உங்கள் கடிதம் மேசையிலேயே கிடக்கிறது. நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தானாக எதுவும் மாறாது. 1929 முதல் ஆஸ்கர் விருது கொடுக்கிறார்கள். சிறந்த இயக்குநர் விருது முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, கேத்ரின் பிகலோவுக்கு, கிடைத்தது 2010இல். பெக்டெல் சோதனை 1985இல் அலிசன் பெக்டெல் வரைந்த சித்திரக்கதையில் வந்த ஒரு பேச்சு. அதில் தேறாத நல்ல படமும் உண்டு, தேறிய குப்பையும் உண்டு. எண்ணுங்கள், தப்பில்லை.

ஆனால் ‘கதைக்குத் தேவைப்பட்டால்தானே’ என்று எழுதினீர்களே, அதை விடமாட்டேன். நீங்களே இப்படி எழுதலாமா? நீதிபதி ஆணாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தக் கதை கேட்டது?

முன்பு ஒரு படத்துக்கு வசனம் எழுதினேன். ஒரு காட்சியில் ‘மருத்துவர் வருகிறார்’ என்று எழுதியிருந்தேன். அந்த ‘ஆர்’ விகுதியில் ஆணுமில்லை, பெண்ணுமில்லை, மரியாதை மட்டும்தான். படப்பிடிப்பில் வந்து நின்றவர் ஆண். பிரதியைப் புரட்டினேன். நீதிபதி, ஓட்டுநர், ஆய்வாளர், மேலாளர், எல்லோரும் ‘ஆர்’தான். நடிக்க வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். உதவி இயக்குநரிடம் கேட்டேன். “லேடி டாக்டர்னு நீங்க எழுதலையே சார்” என்றார். ஆண் டாக்டர் என்றும் நான் எழுதவில்லை. ஆனால் எழுதும்போது என் மனக்கண்ணில் நடந்து வந்தவரும் ஆண்தான். அது என் தவறு, கதையின் தேவை அல்ல.

திரையில் பெண்கள் எத்தனை பேர் என்று ஆராயவே 2004இல் ஒரு நிறுவனம் தொடங்கிய நடிகை ஜீனா டேவிஸ், எழுதுகிறவர்களுக்கு எளிய வழி சொன்னார். சில பாத்திரங்களுக்குப் பெண்பெயர் வையுங்கள். ‘கூட்டம் கூடுகிறது’ என்ற இடத்தில் ‘பாதிப்பேர் பெண்கள்’ என்று சேருங்கள். அவ்வளவுதான். கதை அங்கேயேதான் இருக்கும்.

அடுத்த படத்தில் ‘மருத்துவர்’ பக்கத்தில் பென்சிலால் ‘பெண்’ என்று எழுதிக் கொடுத்தேன். நடிக்க வந்தவர் இருபது வருடமாக அழும் தாயாகவே வந்துபோனவர். வசனத்தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்: “இதுல நான் யாருக்கு அம்மா சார்?”