பேட்டில் ராயல்: எந்த டிஸ்க்கை வாங்குவது?

‘ஸ்க்விட் கேம்’ கொரியத் தொடர் பார்த்த கையோடு அதற்கெல்லாம் மூத்த ‘பேட்டில் ராயல்’ படத்தைத் தேடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். ஜப்பானிய இயக்குநர் கின்ஜி ஃபுகாசாகு எடுத்து 2000 டிசம்பரில் வெளிவந்த படம். ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தப் பேரையும் அரசாங்கமே ஒரு தீவில் இறக்கி, மூன்று நாளுக்குள் ஒருவர் மட்டும் மிஞ்சும்வரை கொன்றுகொள்ளச் சொல்கிறது. அவரவர் கழுத்தில் வெடிக்கிற பட்டை. டிஸ்க் வாங்குவது பற்றி வந்த கேள்விகள் சில இங்கே.

கேள்வி: ஒரு டிஸ்க்கில் 114 நிமிடம், இன்னொன்றில் 122 நிமிடம். நீளமானதில் ‘டைரக்டர்ஸ் கட்’ என்று போட்டு விலையும் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். அதுதானே முழுப் படம்?

பதில்: ‘இயக்குநரே விரும்பித் தொகுத்த பதிப்பு’ என்று அர்த்தம் தரும் அந்தப் பெயரை நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். 114 நிமிடப் படமும் ஃபுகாசாகுவின் படம்தான். ஜப்பானியத் திரையரங்குகளில் முதலில் ஓடியது அதுதான். படம் வசூலை அள்ளியதும், 2001 ஏப்ரலில் எட்டு நிமிடம் சேர்த்துச் ‘சிறப்புப் பதிப்பு’ என்று மறுபடி வெளியிட்டார்கள். வெளிநாட்டுப் பெட்டிகளில் அதற்குத்தான் ‘டைரக்டர்ஸ் கட்’ என்று பெயர்.

சேர்த்தது என்ன? வகுப்பு கூடைப்பந்து ஆடும் காட்சி, மிட்சுகோ என்ற பெண்ணின் சிறுவயதுக் கதை, கம்ப்யூட்டரில் வரைந்த கூடுதல் ரத்தம், கடைசியில் ‘ரெக்வியம்’ (இறந்தவர்களுக்கான இரங்கற்பா) என்ற தலைப்போடு மூன்று பின்னிணைப்புகள். மிட்சுகோ பகுதி அவளைப் புரிந்துகொள்ள உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 114 நிமிடப் படத்தில் அவள் ஏன் இப்படி என்று தெரியாமலே பயப்படுகிறோம், அந்தப் பயம்தான் எனக்குப் பிடிக்கும். ரத்தமோ மேலே ஒட்டவைத்தது போல இருக்கிறது. படம் துல்லியமாகத் தெரியத் தெரிய அந்த ஒட்டு இன்னும் பல்லிளிக்கும்.

ஆற்றங்கரையில் ஆசிரியர் கிட்டானோவும் (தகேஷி கிட்டானோ நடித்த பாத்திரம்) மாணவி நோரிகோவும் பேசிக்கொள்ளும் கனவு ஒன்று உண்டு. நீளப் பதிப்பு அந்தப் பேச்சை நமக்கு இன்னும் முழுசாகக் கேட்க வைக்கிறது. அது ஒன்றுக்காக வேண்டுமானால் இரண்டாவது முறை நீளமானதைப் பாருங்கள். முதல்முறை பார்க்கிறவர்களுக்கு 114 போதும். இரண்டும் ஒரே பெட்டியில் வரும் வெளியீடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் ஆரோ நிறுவனத்தின் 2010 ப்ளூ-ரே (டிவிடியைவிடத் துல்லியமான டிஸ்க்) பெட்டியும் 2021இன் 4கே (அதைவிடவும் துல்லியமானது) பெட்டியும், அமெரிக்காவில் 2012இல் வந்த ‘கம்ப்ளீட் கலெக்‌ஷன்’ ப்ளூ-ரே பெட்டியும் அந்த ரகம். அப்படி ஒன்று கிடைத்தால் இந்தக் குழப்பமே இல்லை.

கேள்வி: பழைய டிவிடி ஒன்று மலிவாக வந்தது. அட்டையில் 109 நிமிடம் என்று இருக்கிறது. ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் வெட்டியிருக்க மாட்டார்கள். அது பிரிட்டன், இந்தியா போன்ற நாடுகளின் பழைய டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியாக இருக்கும். திரைப்படம் நொடிக்கு 24 ஃப்ரேம்கள் ஓடும், பால் முறையில் 25. அதனால் படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடி முடிந்துவிடுகிறது. 114ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள், 109 சொச்சம் வரும். அதேபோல 122 என்பது 117 ஆகும். குரல்களும் ஒரு பொடி கீச்சென்று ஒலிக்கலாம். இசைக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்கள் கவனிக்க மாட்டார்கள்.

மலிவு என்றதும் எனக்கு உறுத்துவது வேறு. அமெரிக்காவில் இந்தப் படத்துக்கு 2012 வரை முறையான டிஸ்க் வெளியீடே கிடையாது. அந்த இடைவெளியில் கள்ளப்பிரதிகள் நன்றாக விற்றன. டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். அச்சிட்டு வரும் டிவிடியின் அடிப்பக்கம் வெள்ளியாகவோ லேசான பொன்னிறமாகவோ பளபளக்கும். ஊதாச் சாயல் அடித்தால் யாரோ வீட்டில் கம்ப்யூட்டரில் பதிந்த பிரதி. சப்டைட்டில் ஆங்கிலம் வாக்கியத்துக்கு வாக்கியம் தடுமாறினாலும் சந்தேகப்படலாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் இருக்கிறேன். லண்டனில் இருந்து மச்சான் வரும்போது ப்ளூ-ரே வாங்கி வரச் சொல்லலாமா?

பதில்: சொல்வதற்கு முன்னால் உங்கள் பிளேயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். ப்ளூ-ரேயில் உலகத்தை மூன்று மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் ஏ, பிரிட்டன் பி, இந்தியாவும் இலங்கையும் சி. இந்தியாவில் வாங்கிய பிளேயரில் பி மண்டலப் பூட்டுப் போட்ட டிஸ்க் ஓடாது. டிவிடி என்றால் ரிமோட்டில் சில எண்களைத் தட்டி மண்டலப் பூட்டைத் திறக்க முடிகிற பிளேயர்கள் நிறைய உண்டு. ப்ளூ-ரே அவ்வளவு இளகிய மனசு இல்லை.

வழி ஒன்று இருக்கிறது. 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மண்டலப் பூட்டு கிடையாது, லண்டனில் வாங்கியது கோவையில் தாராளமாக ஓடும். ஆனால் அதற்கு 4கே டிஸ்க் படிக்கிற பிளேயர் வேண்டும். டிஸ்க் போடும் வாயுள்ள பிளேஸ்டேஷன் 5 கேம் கருவி போதும், பிளேஸ்டேஷன் 4 ப்ரோ படிக்காது. விளம்பரத்தில் ‘4கே’ இருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். அப்புறம், 4கே பெட்டிக்குள் கூடவே சாதா ப்ளூ-ரே இருந்தால் அதில் பி பூட்டு இருக்கலாம். முழுப் பெட்டியும் ஓடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

ஜப்பானில் வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களும் கவனியுங்கள். அங்கே விற்கும் ஜப்பானியப் பட டிஸ்க்குகள் பலவற்றில் ஆங்கில சப்டைட்டில் இருப்பதில்லை. அட்டையில் சப்டைட்டில் விவரத்தைப் பார்க்காமல் கல்லாவுக்குப் போகாதீர்கள்.

கேள்வி: லண்டனில் ஆன்லைனில் வாங்கிய பெட்டியைப் பிரித்துவிட்டேன். இரண்டாவது டிஸ்க் நடுவில் நின்றுபோகிறது. “சீல் உடைத்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது” என்கிறது கடை.

பதில்: கடைக்காரர் இரண்டு சட்டங்களைக் குழப்புகிறார், தெரிந்தே குழப்புகிறாரோ என்னவோ. ஆன்லைனில் வாங்கியதை மனம் மாறிப் 14 நாளுக்குள் திருப்பலாம் என்ற உரிமை, சீல் உடைத்த வீடியோ டிஸ்க்குக்குக் கிடையாது, அது உண்மை. ஆனால் உங்கள் டிஸ்க் பழுது. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பழுதான பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம், சீலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. படம் எந்த நிமிடத்தில் நிற்கிறது என்று போனில் வீடியோ எடுத்து, சட்டத்தின் பெயரைச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். தனிநபரிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

கேள்வி: 14 வயது மகன் பிறந்தநாளுக்கு இந்தப் பெட்டி கேட்கிறான். பாத்திரங்களும் அவன் வயதுதானே?

பதில்: ஜப்பானில் 15 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை, பிரிட்டனில் 18. ஜப்பானிய நாடாளுமன்றம்வரை இந்தப் படத்தை எதிர்த்துக் குரல் போனது. ஃபுகாசாகுவுக்கு அந்த வயதுக் கட்டுப்பாடு பிடிக்கவில்லை, காரணமும் லேசானதல்ல. 1945இல் 15 வயது மாணவராக ஆயுதத் தொழிற்சாலையில் வேலைக்கு அனுப்பப்பட்டு, குண்டு விழுந்தபோது கூடப் படித்தவர்களின் உடல்களுக்கு அடியில் ஒளிந்து பிழைத்தவர் அவர். இந்தப் படம் பெரியவர்கள் மேல் பிள்ளைகளுக்கு இருக்கும் கோபத்தின் படம்.

இருந்தாலும் இந்த வருடம் வேண்டாம் என்பேன். ரத்தத்துக்காகச் சொல்லவில்லை. கலங்கரை விளக்கத்தில் தோழிகள் சேர்ந்து சமைத்துச் சாப்பிட உட்காரும் காட்சி ஒன்று வருகிறது. ஒரு தட்டு உணவில் கிளம்பும் சந்தேகம் நிமிடத்தில் அத்தனை பேரையும் தின்றுவிடும். பெரியவர்களுக்கே வயிற்றைப் பிசையும். வாங்கி வைத்துவிட்டு, அவனுக்கு வயது வரும்போது நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: இரண்டாம் பாகமும் சேர்ந்த பெட்டி கொஞ்சம்தான் விலை கூட. எடுக்கலாமா?

பதில்: வித்தியாசம் ஒரு சாப்பாட்டுச் செலவுக்குள் இருந்தால் எடுங்கள், கூடினால் விடுங்கள். 2003இல் வந்த அந்தப் படத்தைத் தொடங்கிய வேகத்தில் ஃபுகாசாகு புற்றுநோயால் இறந்துபோனார். முதல் படத்துக்குத் திரைக்கதை எழுதிய மகன் கென்டா முடித்துக் கொடுத்தார். சத்தம் நிறைய, சாரம் குறைவு.