வாஷிங் மெஷினுக்குப் பின்னால் – கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு. செம்பனைக் காட்டில் பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கால் மாட்டிக் கிடந்த ஒரு பெட்டை நாயை ஈப்போவைச் சேர்ந்த சில பெண்கள் மீட்டார்கள். காயம் ஆறிவிட்டது. நிரந்தரமாக ஒரு வீடு கிடைக்கும்வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள், சரி என்றேன்.

வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் கிடக்கிறது. நாங்கள் தூங்கிய பிறகுதான் சாப்பிடுகிறது. கையை நீட்டினால் நடுங்கி மூத்திரம் விட்டுவிடுகிறது. "தூக்கி மடியில் வை, தானாகப் பழகும்" என்கிறார் கணவர். "தோட்டத்து நாய் வீட்டுக்குள் தங்காது, விட்டுவிடு" என்கிறார் மாமியார். எட்டு வயது மகன் தினமும் அதன் முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். இன்னொன்றும் மனதை அரிக்கிறது. இவ்வளவு பாடுபட்டு அதன் நம்பிக்கையை வாங்கிவிட்டு, பிறகு யாரிடமோ தூக்கிக் கொடுத்தால் அது துரோகம் இல்லையா?

க.

அன்புள்ள க.,

இரவில் எழுந்து வந்து சாப்பிடுகிறது என்பதே நல்ல செய்தி. புது வீட்டில் நாய் படிப்படியாகப் பழக மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய் மீட்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அது சாதாரண நாய்க்கு. உங்களுடையதற்கு அந்தக் கணக்கை மறந்துவிடுங்கள்.

கணவரின் யோசனை வேண்டவே வேண்டாம். மடியில் வைத்தால் அது அசையாமல் இருக்கும், பழகிவிட்டது என்று அவரும் சந்தோஷப்படுவார். ஓட வழியில்லாத நாய் அப்படித்தான் உறைந்துபோகும். கண்ணைப் பாருங்கள், ஓரத்தில் வெள்ளை தெரியும். பசியில்லாமல் உதட்டை நக்கும், தூக்கமில்லாமல் கொட்டாவி விடும், காது பின்னால் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேலும் நெருக்கினால் கடிக்கும். குரைக்கிற நாய் கடிக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உறுமினால் திட்டவும் கூடாது. உறுமுவது அது கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கி வைத்தால் அடுத்த தடவை எச்சரிக்காமலே கடிக்கும்.

எனக்குத் தெரிந்து பயந்த நாய்க்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய விஷயம், விலகிப் போக வழி. எப்போது வேண்டுமானாலும் போகலாம், யாரும் துரத்த மாட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் அது கிட்ட வரும். அன்பைக் கொட்டுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஆகவே தினமும் ஒரே நேரத்தில் அடுப்படியில் தரையில் உட்காருங்கள். நாய்க்கு நேராக வேண்டாம், பக்கவாட்டில். அதைப் பார்க்காமல் உங்கள் வேலையைச் செய்யுங்கள், வெங்காயம் உரியுங்கள். (அதை மட்டும் நாய்க்குப் போட்டுவிடாதீர்கள், நஞ்சு.) அவ்வப்போது உப்பில்லாமல் அவித்த கோழித் துண்டு ஒன்றைத் தூக்கிப் போடுங்கள். உங்களுக்கும் அதற்கும் நடுவில் போடாமல், அதற்கு அப்பால் விழும்படி போட வேண்டும். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கையில் வைத்து நீட்டினால் பசி முன்னால் இழுக்கும், பயம் பின்னால் இழுக்கும். உடம்பை நீட்டிப் பிடுங்கிக்கொண்டு ஓடும், அந்த ஓட்டத்தில் பயம்தான் வளரும். அப்பால் விழுந்ததைத் தின்ன அது உங்களைவிட்டு விலகிப் போகிறது. தின்றுவிட்டு அடுத்ததற்காகத் திரும்பிப் பார்க்கும்போது, வரலாமா வேண்டாமா என்பதை அதுவே முடிவு செய்கிறது.

தொட அனுமதிக்கும் நாள் வந்தால் தலைக்கு மேலே கை கொண்டு போகாதீர்கள். நெஞ்சுப் பக்கம் சற்று வருடிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மறுபடி நெருங்கினால் தொடரலாம், இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான். மூத்திரம் போனால் ஒன்றும் சொல்லாமல் அது நகர்ந்த பிறகு துடையுங்கள்.

மகன் கூப்பிடுவதை நிறுத்தட்டும். அவன் உட்காரலாம், பெரியவர் ஒருவர் கூட இருந்தால். நாய்க்கு முதுகு காட்டி உட்கார்ந்து, பள்ளிப் பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நாய்க்கு ஒரு குரல் பழகும், அவனுக்கும் பாடம் ஓடும். வாஷிங் மெஷின் பின்னால் மட்டும் யாரும் கை விடக் கூடாது. அங்கே ஒயர் இருக்கிறது, மெஷின் ஓடினால் அதிரும். பக்கத்திலேயே ஒரு மேசையின் மேல் போர்வையைத் தொங்கவிட்டு இன்னொரு பொந்து அமைத்துக் கொடுங்கள். தானாக மாறும்வரை பழைய இடத்தை அடைக்க வேண்டாம்.

உங்கள் மாமியார் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. இப்படி நடுங்கும் நாயைப் பார்த்தால் யாரோ அடித்திருக்கிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். அடி வாங்காமலும் இப்படி ஆகும். 1961-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. வேலி போட்ட வெளியில், மனிதர்களோடு பழக்கமே இல்லாமல் குட்டிகளை வளர்த்தார்கள். சில வாரங்களில் மனிதரோடு பழகவிட்ட குட்டிகள் ஒட்டிக்கொண்டன. 14 வாரம்வரை பழக்கமே இல்லாத குட்டிகள், பிறகு எவ்வளவு கவனித்தும் காட்டு விலங்கு போலவே இருந்தன. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் இருந்த நாய்களை நினைத்துப் பாருங்கள். கண் திறக்கும் முன்பே நாலு பிள்ளைகள் கையில் தூக்கிவிடுவார்கள், வெள்ளனே பால்மரக் (ரப்பர்) காட்டுக்கு நம்மவர்கள் கூடவே போகும். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் இடிந்தன, டவுனிலும் பிளாட்டிலும் குடியேறிய பலர் நாய்களை விட்டுவிட்டுப் போனார்கள். இன்று செம்பனைக்குள் பிறக்கும் குட்டி பார்ப்பது பழம் ஏற்றும் டிராக்டரைத்தான். உங்கள் நாய் அப்படிப் பிறந்ததாக இருந்தால், விருந்தாளி வந்ததும் வாலாட்டும் நாயாக அது ஒருநாளும் ஆகாமல் போகலாம். உங்கள் வீட்டு ஆட்களோடு நிம்மதியாக இருந்தால் எனக்கு அது போதும்.

ஒன்றிரண்டு அவசர விஷயங்கள். ரத்தப் பரிசோதனை செய்துவிட்டீர்களா? உண்ணிக் காய்ச்சல் நம் நாட்டில் சாதாரணம், சுருண்டு கிடப்பது எல்லாமே பயம் என்று நினைத்துவிடக் கூடாது. அப்புறம் கேட். இந்த மாதிரி நாய் ஒரு தடவை நழுவினால் செம்பனைக்குள் போய்விடும், கூப்பிட்டால் வராது. வெளியே எடுக்கும்போது கழுத்துப் பட்டையில் ஒரு வார், மார்புப் பட்டையில் இன்னொரு வார் மாட்டுங்கள். கேட் திறப்பதற்கு முன் வீட்டுக் கதவு சாத்தியிருக்க வேண்டும்.

தீபாவளியும் வருகிறது. 1924-இல் லெனின்கிராடில் வெள்ளம் வந்தபோது, நாய்களைப் பழக்கி ஆராய்ந்த ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் ஆய்வுக்கூடத்து நாய்கள் கூண்டுக்குள் மாட்டிக்கொண்டு கடைசி நேரத்தில் மீட்கப்பட்டன. அவற்றில் சில, மாதக்கணக்கில் கற்றதை மறந்துவிட்டன. மெல்லத் தேறிய ஒரு நாய், கதவுக்கடியில் கொஞ்சம் தண்ணீர் கசியவிட்டதுமே மறுபடி கலங்கிப்போனது. பட்டாசு உங்கள் உழைப்பை அப்படிக் கலைத்துவிடலாம். அந்த மாதங்களில் சாயங்கால இடியும் சேர்ந்துகொள்ளும். உள் அறை ஒன்றை இப்போதே பழக்குங்கள், மின்விசிறியும் டிவியும் ஓடட்டும். பயத்தைக் குறைக்க மருந்து தேவைப்படுமா என்று மிருக வைத்தியரிடம் முன்கூட்டியே கேளுங்கள், வீட்டில் இருக்கும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பயந்து உங்களிடம் ஒட்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். ஆறுதல் சொன்னால் பயம் கூடும் என்பது வெறும் பேச்சு.

துரோகமா என்று கேட்டீர்கள். இல்லை. உங்கள் வீட்டில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால்தான் அடுத்த கண்ணியிலிருந்து வரும் நாய்க்குப் போக்கிடம் இருக்கும். ஆனால் உங்கள் கவலையில் ஒரு நியாயம் உண்டு. பயந்த நாய் ஒரு பெண்ணை நம்பினால் எல்லாரையும் நம்பிவிடாது. உங்களை மட்டுமே நம்பும் நாயாக ஆக்கினால், கைமாறும் நாளில் அது மறுபடி வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான். அதனால் கோழித் துண்டு போடும் வேலையைச் சீக்கிரமே கணவருக்கும் மாமியாருக்கும் பங்கு போடுங்கள். மடியில் வைக்க ஆசைப்பட்டவருக்கு அதுவே நல்ல வேலை. புதிய குடும்பம் முதலில் உங்கள் வீட்டுக்கு நாலைந்து தடவை வந்து தரையில் உட்காரட்டும். நாய் போகும்போது துவைக்காத போர்வையும் அதே சாப்பாடும் கூடப் போகட்டும். நீங்கள் சொல்லும் 'வா', 'போதும்' எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், எடுப்பது சீனக் குடும்பமாக இருந்தாலும் அந்தச் சொற்களையே சொல்லட்டும்.

ஈப்போ பெண்களிடம் ஒன்றை இப்போதே சொல்லி வையுங்கள். பட்டறைக்கும் பழத்தோட்டத்துக்கும் காவலுக்கு, சங்கிலியில் கட்டிப்போட நாய் கேட்டு வருபவர்கள்தான் நம் ஊர்ப்பக்கம் முதலில் வருவார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம், எத்தனை மாதம் ஆனாலும் நானே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா