நாலு இன்ச் லிஃப்ட் போடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப் ஓட்டுகிறேன். மழைக்குப் பிறகு தோட்டத்துப் பாதையில் மண் அரித்துப் பாறை துருத்திக்கொண்டு நிற்பதால் வண்டி அடியில் இடிக்கிறது. அறுவடை மாதங்களில் நாலைந்து மூட்டை ஏற்றுவேன். மற்ற நாட்களில் குடும்பத்தோடு சேலம் போய்வருவதும் இதே வண்டியில்தான். சஸ்பென்ஷனில் வண்டியை நாலு இன்ச் உயர்த்தும் லிஃப்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். போடலாமா?

பதில்: நாலு இன்ச் வேண்டாம். இரண்டு இன்ச்சுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதுகூடத் தேவைதானா என்பது, வண்டி அடியில் எந்த இடம் இடிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை நீங்கள் எழுதவில்லை.

ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். பாறை உரசிய இடமெல்லாம் பெயின்ட் போய்ப் பளபளவென்று தெரியும். பின் ஆக்சிலின் நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் கீறல் இருக்கிறதா? அப்படியானால் லிஃப்ட் போட்டு ஒரு மில்லிமீட்டர்கூடப் பிரயோஜனம் இல்லை. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் சேசிஸும் பாடியும்தான் லிஃப்டால் உயரும். ஆக்சில் சக்கரத்தோடு இருப்பது. டயர் பெரிதானால்தான் அது மேலே போகும், அதுவும் கூடிய விட்டத்தில் பாதி அளவுதான். 255/60 ஆர்18 டயரின் விட்டம் சுமார் 763 மி.மீ. அதை எடுத்துவிட்டு 265/65 ஆர்18 போட்டால் சுமார் 802. ஹவுசிங் 19 மி.மீ. உயரும். பதிலுக்கு, ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பு போனதைவிட சுமார் 5 சதவீதம் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றிப் பார்த்து, டயர் எங்கும் உரசவில்லை என்று தெரிந்த பிறகே காசைக் கொடுங்கள்.

கீறல் சைடு ஸ்டெப்பில் என்றால் இன்னும் சுலபம். கழற்றி வைத்துவிடுங்கள். தோட்டத்துக்குப் போகும் பிக்கப்பில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் அதுதான். வீட்டில் பெரியவர்களுக்கு ஏற இறங்கக் கஷ்டம் என்றால் சேசிஸில் பிடிக்கும், பாறையில் உரசினாலும் தாங்கும் இரும்புக் குழாயான ராக் ஸ்லைடர் போடலாம்.

நடு வயிறு, டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி), முன் பம்பரின் அடி, இந்த இடங்களில்தான் கீறல் என்றால் லிஃப்டுக்கு நியாயம் இருக்கிறது.

அது ஏன் இரண்டு இன்ச்சோடு நிற்க வேண்டும்? உங்கள் வண்டியின் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். மேலும் கீழும் இரண்டு ஆர்ம், நடுவில் காயில் ஸ்பிரிங். வண்டியை உயர்த்த உயர்த்த அந்த ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாயும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் சி.வி. ஜாயின்ட்டின் கோணம் கூடும். கிட்டத்தட்ட 50 மி.மீ. வரை அது தாங்கும். அதற்கு மேல் போனால் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் எப்போதும் தன் எல்லையிலேயே நிற்கும், சி.வி. ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட் மடிந்து மடிந்து கிழியும். கேம்பர், கேஸ்டர் என்ற சாய்வுக் கோணங்கள் அலைன்மென்ட்டில் பிடிபடாது. நாலு இன்ச்சை முறையாகப் போட வேண்டுமென்றால் முன் டிஃபரன்ஷியலையே பிராக்கெட் வைத்துக் கீழே இறக்க வேண்டும். இடிக்கிறது என்று உயர்த்தப்போய், இடிக்கக்கூடிய ஒன்றை இறக்கிவைப்பதை என்னவென்று சொல்வது!

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் பள்ளத்தில் இறங்க ஸ்பிரிங்குக்குக் கீழ்நோக்கி இடம் வேண்டும். லிஃப்ட் சாப்பிடுவது அந்த இடத்தைத்தான். அளவுக்கு மீறி உயர்த்திய வண்டி ஒரு சின்னப் பள்ளத்திலேயே சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும், தூக்கிய சக்கரம் வெறுமனே சுற்றும்.

ஷாக் அப்சார்பருக்கு மேலே வைக்கும் ஸ்பேசர் என்ற தடுப்புத் துண்டு விலை குறைவு என்பதால் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஷாக் கீழ் ஆர்மின் நுனியில் இல்லை, உள்பக்கமாக இருக்கிறது. அதனால் 25 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய 50 மி.மீ. ஆகிவிடும். இது தெரியாமல் 50 மி.மீ. ஸ்பேசர் வாங்கி மாட்டுகிறவர்கள் உண்டு. என் பேச்சைக் கேட்டால் ஸ்பேசரே வேண்டாம். ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக்கும் ஒரே செட்டாக வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் டி-மேக்ஸ் நிறைய ஓடுகிறது. அங்கே விற்கும் செட்டுகள் பெரும்பாலும் 40 முதல் 50 மி.மீ. வரைதான்.

வாங்கும்போது உயரத்தை மட்டும் கேட்காதீர்கள், எடையைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே உயரத்துக்கு, எப்போதும் எவ்வளவு எடை சுமக்கும் என்பதைப் பொறுத்து ஸ்பிரிங் வேறு வேறாக வரும். உங்கள் வண்டியில் மூட்டை இருப்பது வருடத்தில் சில மாதம்தான். 300 கிலோவுக்கான பின் ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு மீதி மாதங்கள் காலி வண்டி ஓட்டினால், சேலம் இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவிலும் பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும், ஈர ரோட்டில் வழுக்கவும் செய்யும். பின்னால் கம்பெனி ஸ்பிரிங்கை விட ஒரு படி மட்டும் கூடுதலான லீஃப் (பட்டை ஸ்பிரிங்) செட் போதும். லீஃபுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவது, லீஃபின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்குவது இரண்டையும் நான் சிபாரிசு செய்வதில்லை. கட்டை உயரமாக இருந்தால், ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஆக்சில் திருகும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஸ்பிரிங் தடித்தாலும் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடை வரம்பு கூடிவிடாது.

அப்புறம் சட்டம். ஆர்.சி.யில் பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். இரண்டு இன்ச் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று பட்டறையில் சொல்வார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்பார். வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் பேசி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாரன்டி பாக்கி இருந்தால் ஷோரூமிலும் கேளுங்கள்.

போடுவது என்று முடிவானால், சமதரையில் வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்திலும் நடு மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். காலி வண்டிக்கு ஒருமுறை, மூட்டை ஏற்றி ஒருமுறை. வேலை முடிந்ததும் மறுபடி அளந்தால் சொன்ன உயரம் வந்ததா, இடதும் வலதும் ஒன்றா என்பது தெரிந்துவிடும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸ் விறைத்து நிற்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டை இறக்கி வைக்கச் சொல்லுங்கள். மூக்கு தூக்கிய வண்டியின் வெளிச்சம் மலைப்பாதையில் எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும். அலைன்மென்ட் ஷீட்டைக் கையில் வாங்காமல் கிளம்ப வேண்டாம். 500 கிலோமீட்டர் ஓடியதும் லீஃபையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டும் பின் யு போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். புது லீஃப் அமர்ந்ததும் அவை தளரும்.